சோலார் மின்சாரத்தை கிரிட் எவ்வளவு தாங்கும்? ஒரு நாள் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

"இவ்வளவு வெயில் அடிக்கிறதே, பகலில் நிலக்கரியை நிறுத்திவிடலாமே?" என்று யாராவது கேட்டால், நிகரத் தேவைக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மொத்தத் தேவையில் சோலாரையும் காற்றாலையையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகரத் தேவை. அனல், அணு, நீர்மின் நிலையங்கள் சுமக்க வேண்டியது அதைத்தான்.

படி 1: ஷீட். லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். பைத்தான் நிரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண்களைக் கண்ணால் பார்த்துப் பழகுவதுதான் முதலில் முக்கியம். நம் நாட்டில் மின் ஷெட்யூல் 15 நிமிட பிளாக்குகளில் போடப்படுகிறது. எனவே ஒரு நாளுக்கு 96 வரிசைகள். நேரம், தேவை, சோலார், காற்று, நிகரம் என ஐந்து நெடுவரிசைகள்.

படி 2: அலகு. இங்கே அவசரப்படாதீர்கள். தினசரி அறிக்கைகளில் உற்பத்தி மில்லியன் யூனிட்டில் இருக்கும். தேவையோ மெகாவாட்டில் இருக்கும். இரண்டையும் நேரடியாகக் கழிக்க முடியாது. ஒரு மில்லியன் யூனிட் என்பது 1,000 மெகாவாட் மணி. ஆக, நாள் முழுக்க 24 மில்லியன் யூனிட் என்றால் சராசரி 1,000 மெகாவாட். காற்றாலைக்கே இந்தச் சராசரி அரைகுறைதான். சோலாருக்கு அறவே உதவாது: இரவில் பூஜ்யம், நண்பகலில் 3,000-ஐயும் தாண்டும். சராசரியை 96 வரிசையிலும் நிரப்பினால் நள்ளிரவில் சூரியன் உதித்துவிடும்! பிளாக் வாரியான மெகாவாட் தரவு கிடைத்தால் மட்டுமே மேலே போங்கள்.

படி 3: கழித்தல். பழகுவதற்காக நானே வைத்த எண்கள் இவை. மதியம் 1 மணி: தேவை 16,000, சோலார் 7,500, காற்று 1,500, நிகரம் 7,000. இரவு 7 மணி: தேவை 17,000, சோலார் இல்லை, காற்று 2,500, நிகரம் 14,500. ஆறு மணி நேரத்தில் 7,500 மெகாவாட் ஏற வேண்டும். அதுவும் சூரியன் சாயும் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் ஏற்றம் செங்குத்தாக இருக்கும்.

படி 4: தரை மட்டம். இரவுக்குத் தேவைப்படும் அனல் அலகுகளை மதியம் அணைத்துவிட்டு மாலையில் சட்டென்று மூட்ட முடியாது. குறைத்து ஓட்டலாம், 2023-இன் விதிப்படி குறைந்தபட்சம் 55 சதவீதம். எளிமைக்காக 14,500-ம் அனல் என்று வைத்துக்கொண்டால் தரை, அதாவது அதற்குக் கீழே குறைக்க முடியாத அளவு, 7,975. மதிய நிகரமோ 7,000. ஆக 975 மெகாவாட்டைச் சேமிக்க வேண்டும், வெளியே விற்க வேண்டும், இல்லையென்றால் சோலாரை பேக்டவுன் செய்ய வேண்டும், அதாவது அதன் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். நல்ல வெயிலில் சோலாரை நிறுத்துவதைப் போல் மனம் நோகும் விஷயம் இல்லை. அதனால்தான் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களை இவ்வளவு வலியுறுத்துகிறேன். காடம்பாறையின் 400 மெகாவாட் மதியத்தில் தண்ணீரை மேலே ஏற்றினால் மிச்சம் 575. குந்தாவின் 500-ஐயும் சேர்த்தால் 75.

சித்திரையில் ஒரு நாள், ஆடியில் ஒரு நாள் என்று இரண்டு ஷீட் போடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பிடித்துவிட்டால் படமே மாறிவிடும்.

பிற்சேர்க்கை: வீட்டுக் கூரை சோலாரை எந்த நெடுவரிசையில் சேர்ப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எதிலும் வேண்டாம். அந்த வீடு கிரிட்டிலிருந்து அவ்வளவு குறைவாக எடுப்பதால், தேவை எண்ணிலேயே அது கழிந்துதான் வரும். மறுபடி கழித்தால் மதியப் பள்ளம் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.