கார் பெயின்ட்: கீறல் விழாமல் கழுவுவது, அளவோடு பாலிஷ் போடுவது

காலை ஒன்பது மணி வெயிலில் ஒரு கருப்புக் காரின் பானெட் முன்னால் நின்று பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் வட்டமாகத் தெரியும். உண்மையில் அந்தக் கோடுகள் பானெட் முழுக்க எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. இதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். பெரும்பாலும் இது தூசி படிந்த பெயின்ட் மேல் துணி ஓடியதால் வருவது. அதனால் பாலிஷ் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் கழுவும் பழக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்த கீறலை, திங்கட்கிழமை காலையே திரும்பப் போட்டுவிடுவோம்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் உள்ள மொத்தப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். ஒரு ஏ4 தாளின் கனத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. அதில் மேலாக இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்த அடுக்கில் இருக்கின்றன. பாலிஷ் போடுவது என்றால் இந்த கிளியர் கோட்டை மிக மெல்லியதாகச் சீவி, கீறலின் அடிமட்டம் வரை மேற்பரப்பை இறக்குவது. காம்பவுண்ட், அதாவது கரகரப்பு கூடிய பாலிஷ், போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது திரும்ப வராது. வருஷத்துக்கு இரண்டு முறை காம்பவுண்ட் போட்ட கார்களில் ரூஃபும் பானெட்டும் சில வருஷத்தில் வெள்ளை பூத்து, தோல் உரிந்தது போல ஆகின்றன. நன்றாகக் கழுவிப் பராமரித்தால் முழு பாலிஷ் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

கழுவுவது

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஐந்து மணிக்கு வரும் அண்ணன் ஒரே வாளி, ஒரே துணியோடு இருபது கார் துடைக்கிறார். நாலாவது காரிலேயே அந்தத் தண்ணீர் சேறாகிவிடும். அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்படும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். பெயின்ட்டை வாரம் ஒருமுறை முறையாகக் கழுவினால் போதும். தூசியோடு காரை மூடி வைக்கும் கவரும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு அசைவும் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி.

வேண்டியவை: 15 லிட்டர் வாளி இரண்டு, கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தண்ணீர் ஒற்ற ஒரு பெரிய கனமான துண்டு, சக்கரத்துக்குத் தனித் துணி. ஷாம்பூ 10 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி. பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பெயின்ட் மேல் பாதுகாப்புக்குப் பூசியிருக்கும் வேக்ஸை உரித்துவிடும். துணி பவுடர் அதைவிட மோசம், கரையாத குருணைகளே கீறும். பழைய பனியன், மஞ்சள் துணி, ஸ்பாஞ்சு எதுவும் வேண்டாம். மணலை உள்ளே இழுத்துக்கொள்ள அவற்றில் இடமில்லை, மேலேயே வைத்து இழுக்கும்.

நிழலில், காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் ஆரம்பியுங்கள். புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. முதலில் சக்கரங்கள், ஏனென்றால் பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். அது கடைசியில் பெயின்ட் மேல் தெறிக்கக்கூடாது. பிறகு ரூஃபிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீர் மட்டும், இரண்டு மூன்று நிமிஷம். ஹோஸ் இல்லையென்றால் மக்கால் ஊற்றினாலும் சரி. பெருமணல் எல்லாம் துணி படுவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் முக்கி, ரூஃப், கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் என்ற வரிசையில் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் கையுறையை நன்றாகக் கசக்கிப் பிழிந்த பிறகே திரும்ப ஷாம்பூவில் முக்க வேண்டும். பாதி கார் முடியும்போது அந்த இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கருமணல் அத்தனையும் இல்லையென்றால் கதவில் தேய்ந்திருக்கும். கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை எடுக்காதீர்கள்.

நம் ஊரில் பெரிய பிரச்சினை கடைசி அலசல்தான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையமாக நிற்கும். வெயிலில் சில நாள் விட்டால் வளையம் கிளியர் கோட்டையே அரித்துவிடும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்துப் பலர் கார் கழுவ வைத்துக்கொள்கிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். வாசல் தெளிக்கலாம், கார் மேல் ஊற்றவேண்டாம். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர் நேர்மாறு. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. இரண்டு மூன்று நாள் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, எட்டுப் பத்து லிட்டரை மேலிருந்து மெதுவாக ஊற்றினால் வளையமே விழாது. பிறகு துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் போட்டால் நூல் தண்ணீரை உறிஞ்சாது.

கறைகள்

பறவை எச்சத்தைக் காய்ந்த நிலையில் ஒருபோதும் துடைக்காதீர்கள். அதில் அமிலமும் இருக்கும், மணல் மாதிரி துகளும் இருக்கும். ஈரமான டிஷ்யூவை ஐந்து பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். மே மாத வெயிலில் அரை நாள் போதும், தடம் பதிந்துவிடும்.

தார் புள்ளிக்கு டபிள்யூடி-40 அல்லது தார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி வைத்துத் துடைத்து, அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மரத்தடியில் நிறுத்தி ஒட்டிய பிசினுக்கு முதலில் வெந்நீரில் நனைத்த துணி. உப்பு வளையத்துக்கு வெள்ளை வினிகரும் சுத்தமான தண்ணீரும் சம அளவு கலந்து, இரண்டு நிமிஷத்துக்குள் அலசிவிடுங்கள். அதற்கும் போகாத வளையம் அரித்துவிட்ட வளையம். அதற்கு பாலிஷ்தான் வழி.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியாது. வெள்ளைக் காரில் மஞ்சளும் குங்குமமும் இரண்டு நாள் அப்படியே விட்டால் கறையாக நின்றுவிடலாம். பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், அல்லது மறுநாள் காலையே கழுவிவிடுங்கள்.

டூத்பேஸ்ட் கீறலை எடுக்கும் என்பதை நம்பவேண்டாம். அதிலுள்ள துகள் பல்லுக்கு அளந்தது, பளபளப்பை மங்கடிக்கும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைத்தால் வருகிற மினுமினுப்பு எண்ணெய்ப் படலம்தான். சாயங்காலத்துக்குள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கும் ஊறிப்போகும்.

களிமண்

கழுவிக் காய்ந்த பானெட்டின் மேல், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு லேசாக நகர்த்துங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்து தெளிவாகத் தெரியும். தொழிற்சாலைப் புகை, ரயில் பாதை ஓர இரும்புத் தூள், பெயின்ட் தெறிப்பு எல்லாம் ஒட்டிக் கிடப்பது அதுதான். அதை எடுக்க கிளே பார் வேண்டும். 100 கிராம் கட்டியை நாலாக வெட்டி ஒரு துண்டை உள்ளங்கையில் தட்டையாக்குங்கள். ஷாம்பூ கலந்த தண்ணீரை நிறைய ஸ்பிரே செய்து, இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் நேர்கோட்டில், அழுத்தமில்லாமல் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று இழுக்கும், பிறகு வழுக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. களிமண் கருக்கக் கருக்க மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்த துண்டு குப்பைக்குத்தான். கிளே தானும் மெல்லிய தடம் விடும். பாலிஷ் போடும் எண்ணம் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பாலிஷ்

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது பாலிஷில் போகிற கீறல் இல்லை. டச்-அப் பெயின்ட் பார்க்கவேண்டியது. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கார்களுக்கு பாலிஷே கூடாது. விலை குறைந்த சில கார்களில் ஒற்றை நிறப் பெயின்ட்டுக்கு கிளியர் கோட் கிடையாது. மறைவான இடத்தில் கொஞ்சம் தேய்த்தால் துணியில் கார் நிறம் ஒட்டும். அப்படி ஒட்டினால் பயப்படவேண்டாம், ஆனால் இன்னும் லேசான கையோடு செய்யுங்கள்.

புதிதாகச் செய்பவர் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர்தான் வாங்கவேண்டும். அதன் பேட் (தேய்க்கும் ஃபோம் வட்டு) சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஓரிடத்தில் சூடு குவியாது. ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மிஷின் பழகிய கைக்கு மட்டும். நிமிஷத்துக்கு 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டித் தேய்த்தால் சில விநாடியில் பெயின்ட் கருகிவிடும்.

பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். கதவு விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியது, அங்கேயும் டேப். பிறகு பானெட்டின் ஒரு மூலையில் சோதனை: மென்மையான பேடும் லேசான பாலிஷும்தான் முதலில். அதில் கீறல் போனால் காம்பவுண்டைத் தொடவே தேவையில்லை. போகாவிட்டால் மட்டும் ஒரு படி கூட்டுங்கள்.

புதுப் பேடில் முதல் முறை ஆறேழு துளி, அடுத்தடுத்து பட்டாணி அளவில் மூன்று நாலு துளி. நம் வெயிலுக்கு 40 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். பாலிஷ் காய்ந்து பொடியாகிவிடும். மிஷினை அணைத்த நிலையில் தடவி, வேக எண் 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில், முந்திய தடத்தின் பாதியை மறைத்து, ஒருமுறை நெடுக்காக, ஒருமுறை குறுக்காக. மொத்தம் நாலு முதல் ஆறு ஓட்டம். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றாமல் நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம் அல்லது மிஷின் சாய்ந்திருக்கிறது. கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பம்பரில் சூடு சீக்கிரம் ஏறும், அங்கே ஒரு படி வேகம் குறையுங்கள். ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால், உரிந்த பெயின்ட் தூளே புதுக் கீறல் போடும்.

பல பாலிஷ்களில் எண்ணெய் உண்டு. அது கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து துடைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜ நிலை.

மிஷின் இல்லாமல் கையால் செய்ய ஃபோம் அப்ளிகேட்டர் போதும். ஓர் அடி சதுரத்துக்கு மூன்று நிமிஷம் தேய்க்க வேண்டும். பளபளப்பு வரும், லேசான கோடுகள் குறையும். முழுக் காரின் ஸ்வர்ல் மார்க்கும் கையால் போகாது.

வேக்ஸ்

கார்னாபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வருவது. வெளியே நிற்கும் காரில் இங்கே ஓரிரு மாதம் தாங்கும். வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் மூன்று முதல் ஆறு மாதம். எதுவானாலும் மிக மெல்லியதாகத் தடவுங்கள்; தடித்துப் போட்டால் காய்ந்து திப்பித் திப்பியாக நிற்கும், பலன் கூடாது. விரலால் ஒரு கோடு இழுத்து, தடம் சுத்தமாக வந்தால் துடைக்கும் பதம். மழைக்காலத்தில் அந்தப் பதம் வர நேரமாகும். டிங்கரிங் கடையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலுக்கு ஒன்றிரண்டு மாதம் வேக்ஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

பிறகு தண்ணீர் ஊற்றும்போது கவனியுங்கள். முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவினால் முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டுத் திரும்ப ஊற்றிப் பாருங்கள், அழுக்குப் படலமும் முத்துகளைத் தடுக்கும். அப்போதும் பரவினால் அடுத்த கோட் போடும் நேரம் வந்துவிட்டது.