இலங்கை அரங்கைத் தனியாரிடம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளியில் கருவாடு பதனிடும் ஒருவர், மனைவியின் காப்பை அடகு வைத்து ஐரோப்பாவில் நடந்த ஓர் உணவுக் கண்காட்சிக்குப் போனார். கொண்டுபோன மாதிரிகள் விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டுவிட்டன. மூன்று நாளும் அவருடைய மேசையில் இருந்தவை வெற்றுப் பொதிகளும் படங்களும்தான். அப்படியிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர் பொதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உங்கள் நிலையத்தின் அனுமதி எண் என்ன?" அவரிடம் அப்படி ஓர் எண் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மீனோ மீன் பொருளோ போக வேண்டுமானால், அதைப் பதனிடும் நிலையம் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் ஒரு கிலோகூட விற்க முடியாது. அவரை அழைத்துச் சென்ற தனியார் ஏற்பாட்டாளர் முற்பணம் வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இந்தத் திருகோணமலை மாவட்டத்துச் சிறு உற்பத்தியாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், கடிதம் எழுதிக் கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. வெளிநாட்டு வர்த்தகக் கண்காட்சிகளில் நாட்டின் அரங்கை, அதாவது ஒரு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பொருளைக் காட்டும் இடத்தை, அரசாங்கமே நடத்த வேண்டியதில்லை, தனியாரிடம் விடலாம் என்ற எண்ணம் உலகில் பல இடங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் அதற்கு எதிரானவன் அல்லன். தனியார் ஏற்பாட்டாளர் வேகமாக முடிவெடுப்பார், நல்ல மூலையைப் பேசி வாங்குவார், ஸ்டாலை அழகாகக் கட்டுவார். ஆனால் மாற்றத்தைச் செய்யும் விதத்தில் பிழை விட்டால், அடிபடுவது கொழும்பிலுள்ள பெரிய நிறுவனம் அல்ல. கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இருப்பவர்கள்தான்.

நான்கு வேலைகளை ஒரே வேலையாக எண்ணுவது

கண்காட்சி நடத்தும் நிறுவனம் தரையைச் சதுர மீற்றர் கணக்கில் விற்கிறது. ஒரு நாடு அதில் பெரிய துண்டொன்றை மொத்தமாக எடுத்து, மேலே பெயர்ப்பலகை கட்டி, ஒன்பது சதுர மீற்றர் அளவில் சிறு சிறு ஸ்டால்களாகப் பிரித்துத் தன் நாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. இலங்கையில் இதை முன்னின்று செய்வது 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான ஏற்றுமதி அபிவிருத்திச் சபை.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரே வேலைபோலத் தெரியும். உள்ளே நான்கு இருக்கின்றன: எந்தக் கண்காட்சிக்குப் போவது, யாரை அழைத்துப் போவது, அரங்கைக் கட்டி நடத்துவது, திரும்பி வந்த பின் என்ன நடந்தது என்று தொடர்ந்து பார்ப்பது. மூன்றாவதைத் தனியார் அரசைவிட நன்றாகவே செய்வார்கள். மற்ற மூன்றையும் அதே விலைமனுவுக்குள் கட்டிக் கொடுத்துவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

ஜேர்மனியின் ஏற்பாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அங்கே எந்தக் கண்காட்சிகளில் அரசு உதவியுடன் கூட்டு அரங்கு அமைப்பது என்பதைத் தொழில்துறைச் சங்கங்கள் முன்மொழிகின்றன. 'அவுமா' என்ற கண்காட்சித் துறைச் சங்கம் அதை ஒருங்கிணைக்கிறது, அமைச்சு முடிவு செய்கிறது. களத்தில் அரங்கை நடத்துவது ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனங்கள். அமெரிக்காவில் வணிகத் திணைக்களம், குறிப்பிட்ட கண்காட்சிகளில் அமெரிக்க அரங்கை நடத்தும் தனியார் ஏற்பாட்டாளர்களுக்குச் சான்றளிக்கிறது. இடத்தை விற்பதும் கட்டுவதும் ஏற்பாட்டாளரின் பொறுப்பு. தூதரகத்திலுள்ள வர்த்தக அதிகாரிகள் கொள்வனவாளர்களை அழைத்து வர உதவுகிறார்கள். இரண்டு நாட்டிலும் அரசு கையைக் கழுவிவிட்டுப் போகவில்லை.

முதலில் பணம் கட்டியவருக்கே இடம் என்பது

ஏற்பாட்டாளரின் இடத்தில் நாமே உட்கார்ந்து பார்ப்போம். ஒரு பெரிய நிறுவனம் முப்பத்தாறு சதுர மீற்றரை ஒரே மின்னஞ்சலில் எடுத்துக்கொள்ளும். விசா, லேபிள், காப்புறுதி எல்லாவற்றையும் அதன் அலுவலர்களே பார்த்துக்கொள்வார்கள். அதே இடத்தைத் திருகோணமலையிலிருந்து வரும் நான்கு பேருக்குக் கொடுத்தால் நாற்பது தொலைபேசி அழைப்பு, நான்கு விசா, இரண்டு பேருக்கு மொழிபெயர்ப்பு. வருமானம் ஒன்றுதான். அவர் முதலாவதைத் தெரிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படித் தெரிவு செய்யும்படி ஒப்பந்தம் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மாகாணங்களிலுள்ள சிறு முயற்சியாளர்களுக்கு இத்தனை ஸ்டால் என்று ஒப்பந்தத்திலேயே எண்ணால் எழுத வேண்டும். 'முன்னுரிமை வழங்கப்படும்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தது போதும். அறிவித்தல் தமிழிலும் வர வேண்டும், மாவட்டச் செயலகத்துக்கும் வர்த்தக சம்மேளனத்துக்கும் வர வேண்டும், முடிவுத் திகதிக்கு ஆறு வாரமாவது முன்னால் வர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இணையத்தில் போட்டுவிட்டுப் பத்து நாளில் மூடிவிட்ட அறிவித்தல்களை என் கையாலேயே அச்செடுத்து வைத்திருக்கிறேன். விசா விண்ணப்பத்துக்கென்று ஒருவர் கொழும்புக்குப் போய் வர இரவு ரயிலில் இரண்டு இரவு போய்விடும். அந்தத் தூரம் தலைநகரில் இருந்து அட்டவணை போடுகிறவர்களின் கண்ணில் படுவதில்லை.

ஒதுக்கீடு மட்டும் போதாது. போகத் தகுதியானவரா என்று பார்க்கும் வேலை, இடம் விற்பவர் கையில் இருக்கக் கூடாது. உப்புவெளிக்காரருக்கு நடந்தது அதுதான். 2015 தொடக்கத்திலிருந்து 2016 நடுப்பகுதி வரை இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருந்தது நினைவிருக்கலாம். அப்படியொரு காலத்தில்கூட இடத்தை விற்க வேண்டியவர் விற்கத்தான் பார்ப்பார். அவருடைய வருமானம் தரையில் இருக்கிறது, மீனில் இல்லை. அனுமதி எண் உண்டா, மாதத்துக்கு எவ்வளவு தர முடியும், லேபிளில் அந்த நாட்டு மொழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையாவது ஏற்றுமதி அபிவிருத்திச் சபையோ துறைக்குரிய திணைக்களமோ கேட்டுச் சான்று கொடுத்த பின்புதான் ஏற்பாட்டாளர் பணத்தைத் தொட வேண்டும்.

உதவித் தொகையைத் தவறான கையில் கொடுப்பது

அரசின் உதவியை ஏற்பாட்டாளரிடம் சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அவர் தரையை நிரப்புவார். நிரப்பியது யாரைக் கொண்டு என்பது இரண்டாம் விடயமாகிவிடும். தொகை, போகிற நிறுவனத்தின் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் அது சேவை பிடிக்காவிட்டால் வேறு ஏற்பாட்டாளரிடம் போகலாம். பிரித்தானியா முன்பு நடத்திய கண்காட்சி உதவித் திட்டத்தில் மானியம் நிறுவனத்துக்கே போனது. அங்கீகாரம் பெற்ற வர்த்தக அமைப்புகள் குழுவை அழைத்துச் சென்றன.

ஆனால் 'போய் வந்து பற்றுச்சீட்டைக் காட்டுங்கள், பிறகு தருகிறோம்' என்பதும் நம்மவர்களுக்கு உதவாது. முழுச் செலவையும் முதலில் போடக்கூடியவருக்கு மானியமே தேவைப்படாது. பாதியை ஸ்டால் உறுதியானவுடன் நேரடியாகக் கண்காட்சி நிறுவனத்துக்குச் செலுத்தி, மீதியைத் திரும்பிய பின் கொடுக்கலாம்.

ஒப்பந்தம் எழுதுபவர்கள் நாணய மாற்றை மறந்துவிடுகிறார்கள். கட்டணம் யூரோவில், மானியம் ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அன்று ரூபாயில் கணக்குப் போட்டு வைத்திருந்த ஒவ்வொருவரும் வித்தியாசத்தைத் தன் மடியிலிருந்துதான் கட்டியிருக்க வேண்டும். விலை ஏறினால் யார் தாங்குவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால், தாங்குபவர் மிகச் சிறியவராகத்தான் இருப்பார்.

அதேபோல 2020இல் கொரோனாவால் கண்காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முற்பணம் கண்காட்சி நிறுவனத்திடமா, ஏற்பாட்டாளரிடமா என்பதே தெரியாமல் பலர் தவித்தார்கள். பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், நிகழ்ச்சி நின்றால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுத வேண்டும்.

இடத்தின் உரிமையை இழப்பது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெரிய கண்காட்சிகளில் பழைய இடத்தைத் திரும்பப் பெறும் முன்னுரிமை பெரும்பாலும் சென்ற தடவை வந்தவருக்குத்தான். கொலோனில் நடக்கும் 'அனுகா' உணவுக் கண்காட்சி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில் வருவது. பாரிசின் 'சியால்' இரட்டைப்படை ஆண்டில். டுபாயின் 'கல்ஃபூட்' ஆண்டுதோறும். இவற்றில் நுழைவாயிலுக்கு அருகே ஓர் இடம் கிடைக்கப் பல தடவை தொடர்ந்து போயிருக்க வேண்டும். நாடு அப்படிச் சேர்த்த மூப்பு ஒரு சொத்து.

அரங்கைத் தனியாரிடம் கொடுக்கும்போது கண்காட்சி நிறுவனத்துடனான பதிவு யாருடைய பெயரில் போகிறது என்று பார்க்காவிட்டால், மூன்று ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து வேறொருவர் வரும்போது இடம் பழைய ஏற்பாட்டாளரோடு போய்விடும். இலங்கை, கண்காட்சி மண்டபத்தின் கடைசி மூலையிலிருந்து மறுபடி தொடங்கும். பதிவு சபையின் பெயரிலோ, சபையும் ஏற்பாட்டாளரும் சேர்ந்த பெயரிலோ இருக்க வேண்டும்.

கொள்வனவாளர் விபரமும் இப்படித்தான். ஸ்டாலுக்கு வந்தவர்களின் அட்டைகளை ஸ்கேன் செய்யும் செயலி ஏற்பாட்டாளருடையது என்றால், அந்தப் பட்டியல் அவருடைய அடுத்த வாடிக்கையாளருக்கும் போகலாம். பட்டியல் அந்தந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குவது சிரமமான காரியம் அல்ல.

நாட்டுச் சின்னங்களைப் பற்றி ஒரு வரி: சிலோன் தேயிலையின் சிங்க முத்திரை தேயிலைச் சபைக்குரியது, சிலோன் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அரங்கின் முகப்பை வடிவமைப்பவர் இவற்றை வேறு நாட்டுப் பொருள் கலந்த சரக்கின் மேல் ஒட்ட இடம் கொடுக்கக் கூடாது.

மாதிரிகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு, 1961 உடன்படிக்கையின் கீழ் வந்த 'ஏடிஏ கார்னே' என்ற சுங்க ஆவணம் உண்டு. பனையோலைப் பெட்டி, கைத்தறி, இயந்திரம் போன்றவற்றுக்கு அது உதவும். தின்று தீரும் பொருளுக்கு உதவாது. உணவு மாதிரிக்கு, அதிலும் மீன், பால் பொருளுக்கு, போகும் நாட்டிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எருமைத் தயிரைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தவரை நான் தடுத்திருக்கிறேன். இந்த அனுமதியை எடுத்துத் தருவது யாருடைய வேலை என்று விலைமனுவிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று நம்மவர்களுக்கு நேரடியாக. கண்காட்சிக்குப் பதிந்தவுடன் 'உங்கள் விபரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்' என்று ஒரு படிவம் வரும். இலவசம் போலத் தெரியும். சிறிய எழுத்தில் பல ஆண்டுக்கான விபரக்கொத்து விளம்பர ஒப்பந்தம் இருக்கும். உலகக் கண்காட்சித் துறைச் சங்கமான 'யூஎஃப்ஐ' இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறது. ஏற்பாட்டாளரிடமிருந்தோ கண்காட்சி நிறுவனத்திடமிருந்தோ வந்தது என்று உறுதியாகத் தெரியாத எதிலும் கையெழுத்திடாதீர்கள். வருகிற படிவத்தைப் பிள்ளைகளிடமாவது வாசிக்கக் கொடுங்கள்.

நிரம்பிய தரையை வெற்றி என்று எழுதுவது

கண்காட்சி முடிந்த மறுவாரம் ஏற்பாட்டாளர் அறிக்கை கொடுப்பார்: இத்தனை நிறுவனம், இத்தனை சதுர மீற்றர், இத்தனை விசாரணைகள். இறுதித் தவணைப் பணத்தை அதை வைத்தே கொடுத்துவிடுவது பெரிய பிழை. உணவுப் பொருளில் முதல் கொள்வனவுக் கட்டளை வர ஓர் ஆண்டுகூட ஆகும். மாதிரி கேட்பார்கள், பரிசோதனை அறிக்கை கேட்பார்கள், பொதியின் அளவை மாற்றச் சொல்வார்கள், பிறகு ஆறு மாதம் பேசாமல் இருப்பார்கள். ஆகவே தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் போனவர்களிடமே கேட்க வேண்டும். கேட்பது ஏற்பாட்டாளராக இருக்கக் கூடாது. இங்கே அதற்குச் சரியான ஆட்கள் மாவட்ட மட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் தொலைபேசிச் செலவும்தான் தேவை.

மூதூர்ப் பக்கத்துப் பெண்கள் சங்கமொன்று பனையோலைப் பெட்டிகளுடன் ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தது. கிடைத்த பதினேழு அட்டைகளையும் ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் என்ன பேசினோம் என்று தமிழில் எழுதி வைத்தார்கள். பதினேழு பேருக்கும் இரண்டு வாரத்துக்குள் கடிதம் போனது, நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். பதினான்காம் மாதத்தில் ஒருவர் இருநூறு பெட்டிகள் கேட்டு எழுதினார், மூடியை ஒரு விரல் அகலம் குறைக்கச் சொல்லி. அரங்கை நடத்தியவரின் அறிக்கையில் அந்த இருநூறு பெட்டி எங்குமே இல்லை. அறிக்கை அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.