போதகர் மீது முறைப்பாடு செய்வது எப்படி

திருகோணமலையில் ஒரு போதகரால் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சபை மூப்பர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காமல் மனம் வெதும்புகிறார்கள். ஆகவே, அந்தப் போதகருக்கு ஊழிய அங்கீகாரம், அதாவது போதகராகப் பணியாற்றும் தகுதி, வழங்கிய அமைப்பு எது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

உதாரணமாக, அமெரிக்காவில் 1961இல் உருவான, தாராளப் போக்குடைய யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சங்கத்தில், போதகரை அழைப்பதும் அனுப்பிவிடுவதும் உள்ளூர்ச் சபையின் உரிமையாகவும், அங்கீகாரத்தை இடைநிறுத்துவதும் பறிப்பதும் மையக் குழுவின் பொறுப்பாகவும் இருக்கின்றன. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. சபை அனுப்பிவிட்டாலும் அங்கீகாரம் நீங்காதவர் வேறோர் ஊரில் அதே அங்கியுடன் நிற்க முடியும். மெதடிஸ்த திருச்சபையிலோ போதகர் மகாநாடு எனப்படும் திருச்சபையின் ஆளும் அமைப்பின் ஒழுங்குக்கு உட்பட்டவர் என்பதால், முறைப்பாடு உள்ளூர்ச் சபையோடு நின்றுவிடக் கூடாது.

உப்புவெளியில் ஒரு தாய்க்கு முறைப்பாடு எழுத நான் உதவினேன். அவர் முதலில் எழுதியிருந்தது, “ஐயா நல்லவரில்லை” என்ற ஒரே வரி. பிறகு நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், அருகில் இருந்தவர்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டு, அப்பியாசக் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதினோம். அவ்வாறே எழுதிப் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, முறைப்பாட்டை அந்த அமைப்பிடம் கையளித்து, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். விசாரிப்பவர் போதகரின் நெருங்கிய நண்பராயின் அவரை மாற்றுமாறு எழுத்தில் கோருங்கள். போதகருக்கும் பதிலளிக்க வாய்ப்பு வழங்கப்பட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் திருச்சபை விசாரணைக்காகக் காத்திராமல், உடனே சிறுவர் பாதுகாப்புக்கான 1929 தொலைபேசி இலக்கத்துக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.