சின்னப் பிள்ளைகளின் பட அறிவியல் புத்தகம்: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை அறிவியல் புத்தகத்தைத் திறந்ததும் பார்ப்பது படத்தைத்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கவே நேரம் பிடிக்கிற வயது அது. எழுதியிருப்பது மறந்துபோகும், படம் மட்டும் மனதில் தங்கிவிடும். படம் தப்பாக இருந்தால் கீழே எத்தனை சரியான வரிகள் இருந்தும் பிரயோஜனம் குறைவுதான். ஆனால் நாம் புத்தகம் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், தாளைப் பார்க்கிறோம், அட்டையைப் பார்க்கிறோம். உள்ளே இருக்கிற படத்தை நிதானமாக உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஜூலையில் கோவை கொடிசியாவிலும் ஆகஸ்டில் ஈரோட்டிலும் புத்தகத் திருவிழா நடக்கும்போது அதிகம் நடக்கிற தவறு, தடிமனைப் பார்த்து வாங்குவது. வழவழ தாள், முந்நூறு பக்கம், அட்டையில் வாயைப் பிளந்த டைனோசர். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் இருபது முப்பது குட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். அதை மடியில் வைத்துப் புரட்டவே பிள்ளைக்குச் சிரமம். அலமாரிக்குப் போனால் அது திரும்பி வராது. அதே காசுக்கு ஒல்லியான, பின் அடித்த புத்தகங்கள் கை நிறைய வாங்கலாம். எறும்புக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று ஒரே பொருளை எடுத்து விரிவாகச் சொல்கிற புத்தகம்தான் இந்த வயதுக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் இப்படிப்பட்டவை குறைந்த விலையில் கிடைக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் இதழும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல துணை.

அச்சான ஆண்டைப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. புளூட்டோவை 2006-லேயே கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒன்பது கோள் காட்டுகிற புத்தகம் இருந்தால், அதை யாரும் மறுபடி படித்துப் பார்க்காமலே அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே மற்ற பக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

வானத்துப் படங்கள்

தப்புகள் மிக அதிகமாக இருப்பது வானத்தைப் பற்றிய பக்கங்களில்தான். நிலா தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் விழுவதால் என்பது போலப் படம் போட்டிருப்பார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும். மற்ற நாட்களில் நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறையாகவும் அரை நிலாவாகவும் தெரிகிறது. வளர்பிறை அஷ்டமியன்று பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையை வாசலுக்குக் கூட்டிவாருங்கள். சூரியன் மேற்கே இருக்கும், அரை நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கும். நடுவில் பூமியின் நிழல் விழ வழியே இல்லை என்று பிள்ளையே சொல்லிவிடும்.

பிறையை நட்டமாக நிற்க வைத்து வரைவது இன்னொன்று. அது வடக்கே வெகு தூரத்தில் இருக்கிற நாடுகளில் பார்க்கும் பிறை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிற நம் ஊரில் மூன்றாம் பிறை சாய்ந்து கிடக்கும். மாசி, பங்குனியில் இரண்டு முனையும் மேலே பார்க்க, மல்லாந்தே இருக்கும். பிறையின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தால் அந்தப் புத்தகத்தை அப்படியே வைத்துவிடலாம். அங்கே நிலாவின் இருட்டுப் பகுதி இருக்கிறது, அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியாது. நிலா இரவில் மட்டும்தான் இருக்கும் என்று காட்டுகிற படங்களும் உண்டு. பௌர்ணமி கழிந்த சில நாட்களில் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே வெளிறிப்போன நிலா நிற்கும். அதைக் காட்டினால் போதும்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதையை நீள்முட்டையாக இழுத்து வரைவது பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. பக்கத்தில் வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டருக்கும் 15.2 கோடி கிலோமீட்டருக்கும் இடையேதான் மாறுகிறது. அதிலும் மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில் நாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது. பருவம் மாறுவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால். அந்தச் சாய்வைத் தெளிவாக வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கோள்களை வரிசையாக ஒட்டி ஒட்டி நிறுத்துவதை முழுக்கத் தவிர்க்க முடியாது, தாளில் இடம் இல்லை. மட்டை உரித்த தேங்காய் அளவுக்கு, 11 சென்டிமீட்டரில் சூரியனை வைத்தால் பூமி ஒரு மில்லிமீட்டர் புள்ளி. அந்தப் புள்ளியைச் சுமார் 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூன் சுமார் 350 மீட்டருக்கு அப்பால் போய்விடும். நல்ல புத்தகம் ‘இந்தப் படம் அளவுப்படி வரையப்படவில்லை’ என்று ஓரத்தில் சொல்லிவிடும். கிருமிக்கும் இதே விஷயம்தான். பல்லும் கண்ணும் வைத்து ஈ அளவுக்கு வரைந்துவிட்டு, எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று சொல்லாவிட்டால் பிள்ளை அதைப் பூச்சி என்றே நினைக்கும்.

நம் ஊரில் இல்லாத இயற்கை

வேறு நாட்டுப் படங்களை அப்படியே எடுத்துப்போட்ட புத்தகங்கள் நிறைய. தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அது மட்டுமே வீட்டில் இருந்தால் அறிவியல் என்பது வேறெங்கோ நடக்கிற சமாச்சாரம் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். யானை என்று போட்டு, காது விசிறியாய் அகன்ற ஆப்பிரிக்க யானையைக் காட்டுவார்கள். சத்தியமங்கலத்திலும் வால்பாறையிலும் தடாகத்திலும் தோட்டத்துக்குள் வருவது ஆசிய யானை. காது சின்னது, பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் கிடையாது, தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு விரல்தான். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. தேன்கூடு என்றால் கிளையில் தொங்கும் வைக்கோல் குடுவை, அதற்கு ஒரு குட்டி வாசல். நம் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் உயரமான மரத்திலும் மலைத்தேனீ கட்டுவது திறந்தவெளியில் ஒரே பெரிய அடை. பிள்ளை அதைத் தினமும் பார்த்துவிட்டு, அது தேன்கூடே இல்லை என்று சொல்லும்.

பட்டாம்பூச்சி பட்டுக்கூட்டைப் பிய்த்துக்கொண்டு வருவதாக வரைவது மிகப் பரவலான தப்பு. பட்டு நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுவது அந்துப்பூச்சி வகை. உடுமலை, கோபி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம், பட்டுப்புழு மனையில் பார்த்திருப்பார்கள். பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு, நூல் போர்வை இல்லாமல் வெறுமனே செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் தேடினால் கிடைக்கும். எறும்பின் ஆறு காலும் நடுப்பகுதியிலிருந்து வருகிறதா, சிலந்திக்கு எட்டுக் காலும் முன்பகுதியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றிலிருந்து கால் முளைத்த எறும்புகள் ஏராளம்.

‘நாம் உண்ணும் வேர்கள்’ என்று ஒரு பக்கம் வரும். காரட், பீட்ரூட்டோடு மஞ்சளையும் இஞ்சியையும் உருளைக்கிழங்கையும் சேர்த்திருப்பார்கள். இவை மூன்றும் மண்ணுக்குள் வளரும் தண்டு. ஈரோட்டுப் பிள்ளை கையில் ஒரு விரலி மஞ்சளைக் கொடுங்கள். சுற்றிலும் வளையம் வளையமாகக் கணு தெரியும், பச்சை மஞ்சளாக இருந்தால் கணுவில் முளையும் இருக்கும். கணு இருப்பது தண்டுக்கு, வேருக்குக் கணு கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் விளைகிற ஊரில் இந்தப் பக்கம் தப்பாக இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் மழை. நீர்ச்சுழற்சிப் படத்தில் ஒரு கடல், ஒரு மேகம், பனி மூடிய ஒரு மலை. பனிமலையை விடுங்கள், மலைக்கு இந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று காட்டுவதே இல்லை. நமக்கு வேண்டியதே அதுதான். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மேலேறும்போது குளிர்ந்து வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் கொட்டித் தீர்க்கிறது. இறங்கி வரும்போது ஈரம் இல்லை, அதனால் பல்லடம், தாராபுரம் பக்கம் மழை குறைவு. மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்றுதான் ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது வேறு திசையிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. இதைப் புத்தகம் சொல்லாவிட்டால் ஆசிரியரோ பெற்றோரோ ஒரு தாளில் வரைந்து அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

செய்து பார் பக்கங்கள்

செய்து பார்க்கும் பகுதியைப் பெரியவர்கள் படிக்காமல் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. செல்லின் ஒரு முனையை மட்டும் பல்போடு இணைத்துக் காட்டும் படம் வேலை செய்யாது, சுற்று முழுமையாக வேண்டும். டார்ச் செல்லுக்கு மேல் எதையும் தொடச் சொன்னால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். இலை, பூ சேகரிக்கச் சொன்னால் கூடவே போங்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கின் பூதான் நம் மாநில மலரான செங்காந்தள். படத்தில் மிக அழகாக இருக்கும், ஆனால் கிழங்கும் விதையும் கடுமையான விஷம். புத்தகம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சூரிய கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியாகவோ எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ பார்க்கிற மாதிரி படம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். இருட்டாகத் தெரிவதால் கண்ணுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திருப்பூர், கரூர் பகுதிகளில் வளைய கிரகணம் தெரிந்தது. அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி, தரையில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி. மர நிழலில் இலை இடுக்கு வழியாக வந்து விழும் வெளிச்சமும் அன்றைக்கு வளையமாகத்தான் விழும்.

வாசிக்கும்போது

படித்து முடித்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து வரட்டும். தெரியாவிட்டால் சேர்ந்து தேடலாம். அழுக்காகிவிடும் என்று மேலே எடுத்து வைப்பதும் வேண்டாம். அப்பச்சி வீட்டுக்கு லீவுக்குப் போகும்போது புத்தகமும் கூடப் போகட்டும், தோட்டத்தில் பார்த்ததைப் படத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் புத்தகத்தில் தப்பு கண்டால் தூக்கிப்போட வேண்டியதில்லை. பிள்ளையையே பென்சிலால் திருத்தச் சொல்லுங்கள், ஓரத்தில் காரணத்தையும் எழுதட்டும். பிறகு முதல் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு, பக்க எண்ணையும் பதிப்பு ஆண்டையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள். மறுபதிப்புக்குப் போகும்போது திருத்த அது உதவும்.