ஏரிக்கரைச் சாமிக்கல்லை அடையாளம் காணும் முறை

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் எண்ணெய் படிந்து கறுத்துப்போன பழஞ்சிலைகள் பல இருக்கின்றன. ஊரார் அவற்றை முனியப்பன் என்றும் வேடியப்பன் என்றும் அழைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அதே கல், செதுக்கப்பட்ட காலத்தில் புத்தராகவோ, சமண சமய அருளாளரான தீர்த்தங்கரராகவோ, ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனாகவோ இருந்திருக்கலாம். பழைய பெயர், இன்றைய பெயர் ஆகிய இரண்டுமே அந்தக் கல்லின் வரலாறு என்பது என் உறுதியான கருத்து. ஒன்றைத் தேடப் போய் மற்றொன்றைக் காயப்படுத்தாமல் பார்ப்பது எப்படி என்பதை, நான் பழகிய வரையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். உச்சிவெயிலில் எந்தச் சிலையும் தட்டையாகத்தான் தெரியும். காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை நான்கரைக்குப் பிறகோ, வெயில் சாய்வாக விழும்போது போக வேண்டும். கூரைக்குள் இருக்கும் சிலையானால் கைவிளக்கைச் சிலைக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். வாழப்பாடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு சிலையின் முன் இப்படி விளக்கைப் பிடித்தபோது, இடத்தோளிலிருந்து வலப்பக்க இடுப்பை நோக்கி, நூல் கனத்தில் ஒரு கோடு மார்பின் குறுக்கே இறங்குவதைக் கண்டேன். விளக்கை நேராகத் திருப்பியதும் கோடு மறைந்தது, சாய்த்ததும் மீண்டும் வந்தது. அது புத்த துறவியர் போர்த்தும் சீவர ஆடையின் விளிம்பு. விளக்கேற்ற வந்த மூதாட்டி, "செருப்பக் கழட்டி வெச்சுட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு கண்ணு, எங்க பாட்டன் காலத்துச் சாமி" என்றார். அனுமதி கேட்டுவிட்டுப் பார்ப்பதற்கும் கேட்காமல் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே போனால்தான் புரியும்.

அந்தக் கோடுதான் புத்தரைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம். அமர்ந்த நிலைப் புத்தர் சிலைகளில் ஆடை இடத்தோளை மூடி, வலத்தோளை விட்டுவிடும். தலையில் சுருள்முடி சின்னச் சின்ன நத்தை ஓடுகளைப் போல அடுக்காக இருக்கும். உச்சியில் உஷ்ணீஷம் எனப்படும் புடைப்பு இருக்கும். சோழநாட்டில் இந்தப் புடைப்பு தீச்சுடராகவே மாறிவிடுகிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த ஏறத்தாழ 350 புத்தப் படிமங்களில் பலவற்றில் அந்தச் சுடரைக் காணலாம். காது மடல் நீண்டு தொங்கும். கைகளைப் பொறுத்தவரை, பர்மாவிலும் தாய்லாந்திலும் வலக்கை முழங்காலைத் தாண்டி நிலத்தைத் தொடும் கோலம் பெருவழக்கு. நம் பகுதிக் கற்சிலைகளில் மடியின்மேல் ஒரு கைமேல் மறுகை வைத்த தியான முத்திரையைத்தான் பெரிதும் காண்கிறோம். ஆத்தூரை அடுத்த தியாகனூரில் உள்ள பெரிய புத்தர் சிலைகளின் முன் ஒரு முற்பகல் உட்கார்ந்து இந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பழகினால், பிறகு சிதைந்த சிலையையும் கண் தானாகவே அடையாளம் காணும்.

சிதைந்த சிலைக்கு மிகச் சிறந்த பாடம் சேலம் நகருக்குள்ளேயே, பெரியேரியில் இருக்கிறது. தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட அந்தச் சிலையைத் தொல்லியல் துறையினர் நேரில் ஆய்ந்து, தாமரைப் பீடத்தில், ஒரு காலின்மேல் மறுகாலை மடித்து வைக்கும் அர்த்தபத்மாசனத்தில் அமர்ந்து தியான முத்திரையில் இருக்கும் புத்தர் என்று அறிக்கை அளித்தனர். சுருள்முடியும் உஷ்ணீஷமும் நீண்ட காதும் இருந்தன. புருவங்களுக்கு நடுவே பொட்டுப்போலக் காட்டப்படும் ஊர்ணம் தென்படவில்லை. தலை துண்டாகி, பின்னாளில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்த அறிக்கையை ஏற்று, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று தீர்ப்பளித்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய முறை என்னவென்றால், ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஓர் அடையாளம் இல்லாததை வைத்து மறுக்கவும் கூடாது. முகத்தில் பிற்காலப் பூச்சு இருந்தால் முகத்தை விட்டுவிட்டு, மாற்றம் குறைவாக நேரும் கை, மடி, பீடம் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரைக் கொண்டு ஊகிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு புத்தருக்குரிய பெயர்களாக விநாயகன், சாஸ்தா, முனி ஆகிய மூன்றையும் தருகிறது. எனக்கு இந்த வரியைப் படிக்கும் போதெல்லாம் மெய்சிலிர்க்கும். ஆனாலும் இதைக் கொண்டு எல்லா முனியப்பனும் ஒரு காலத்தில் புத்தரே என்று சொல்வது பெரும்பிழை. கையில் அரிவாளும் முறுக்கிய மீசையுமாகத் தொடக்கத்திலிருந்தே காவல் தெய்வமாக நிற்கும் முனியப்பன்களே மிகுதி. கல் சொல்வதைத்தான் பெயருக்கு முன் கேட்க வேண்டும்.

தீர்த்தங்கரரும் இதே போல அமர்ந்திருப்பார், கையும் மடியில்தான் இருக்கும். ஆனால் ஆடைக்கோடு இருக்காது. எவ்வளவு விளக்கைச் சாய்த்தாலும் மார்பு வெறுமையாகவே இருக்கும். தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக முக்குடையும், இருபுறமும் சாமரம் வீசுவோரும் இருந்தால் ஐயம் இல்லை. ஐந்தலை நாகம் சுபார்சுவநாதரையும், பெரும்பாலும் ஏழுதலை நாகம் பார்சுவநாதரையும், பீடத்துச் சிங்கம் மகாவீரரையும் குறிக்கும்.

மற்றவை எளிது. ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு, கையில் செண்டு என்னும் வளைந்த கோலை ஏந்தியவர் ஐயனார். காலடியில் முயலகன் என்னும் குள்ள அசுரன் கிடந்தால் தட்சிணாமூர்த்தி. நாய் நின்றால் பைரவர். பருத்த வயிற்றோடு அமர்ந்து, ஒரு புறம் மாட்டுமுக மகனும் மறுபுறம் மகளும், காக்கைக் கொடியும் உடையவள் தவ்வை என்னும் மூத்ததேவி. பல ஊர்களில் அவளை அம்மன் என்றே கும்பிடுகிறார்கள்.

சேலத்துக்கு வடக்கே தருமபுரிப் பக்கம் போகப் போக, இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் பெருகும். அவற்றில் முதலில் விலங்கைத் தேட வேண்டும். மாடுகள் இருந்தால் தொறுப்பூசல், அதாவது ஆநிரைக்காக நடந்த சண்டை; புலி பாய்ந்தால், புலியோடு போரிட்டவனுக்கு வைத்த புலிக்குத்திக்கல். தன் கழுத்தைத் தானே அறுப்பவன் நவகண்டம் கொடுத்தவன், தெய்வத்துக்குத் தன்னையே பலியிட்டவன். வளையணிந்த கை ஒன்று உயர்ந்து நின்றால் அது உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு வைத்த சதிக்கல். வீரனின் தலைக்கு மேலும் பக்கத்திலும் எழுத்து இருக்கலாம். பழங்கற்களில் அது தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தாக இருக்கும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நின்றால், கல்லைத் தேர்ந்து நீராட்டி நட்டு வாழ்த்திய அந்த மரபின் தொடர்ச்சியாகவே, இன்று நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிட்டு வைக்கும் பொங்கலை உணர முடியும்.

ஏற்காட்டுக்கு ஏறும்போது பார்வையை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். சேர்வராயன் மலையில், பிள்ளையார் திட்டுகளில் உள்ளங்கை அளவில் வழவழப்பான கருங்கற்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு முனை குறுகி, மறுமுனை கூர்விளிம்பாகத் தேய்க்கப்பட்டிருந்தால் அது புதிய கற்காலக் கைக்கோடரி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பகுதியில் சேர்த்த கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மலையில் எஞ்சியிருப்பவை மலைமக்கள் சாமியாக வைத்துக் காத்தவை. அவற்றைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் பூசாரி எடுத்துக் காட்டட்டும். 5,326 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் குகைக் கோயிலிலும் இதே ஒழுங்குதான். மே மாதத் திருவிழாக் கூட்டத்தில் குனிந்து நுழைந்து ஆராய்ச்சி செய்ய முற்படாமல், வேறொரு நாள் போக வேண்டும்.

இனி, செய்யக்கூடாதவை. எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்புக்கட்டியோ மாவோ தேய்க்கக்கூடாது. கம்பித் தூரிகையால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டக்கூடாது. திருப்பணி என்ற பெயரில் மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்யப்பட்ட ஒரு தூணில், முந்தின ஆண்டு நான் விரலால் தடவிப் படித்த எழுத்துகள் மழுங்கிப் போயிருந்ததைக் கண்டு அழுதேன். தாளை நனைத்து மையொற்றிப் படியெடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. நமக்குச் சாய்வொளியில் எடுத்த புகைப்படம் போதும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன், இரு பக்கம், முடிந்தால் முதுகு என நான்கு படங்கள் எடுக்க வேண்டும். பீடத்துக்குத் தனியாக ஒன்று. சிலை எந்தத் திசை பார்க்கிறது, எந்தக் கிழமையில் பூசை, யார் குடும்பம் விளக்கேற்றுகிறது, எங்கிருந்து கொண்டுவந்து வைத்ததாகச் சொல்கிறார்கள் என்பதையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து புதிதாக வெளிப்பட்டதானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு படியைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஆனால் சிலை இருக்கும் துல்லியமான இடத்தை இணையத்தில் வெளியிட வேண்டாம்; காவலில்லாத ஏரிக்கரைச் சிலை இரவோடு இரவாகக் காணாமல் போவதற்கு அந்த ஒரு குறிப்பே போதும்.