குடியை நிறுத்த முதல் கூட்டத்துக்குப் போவது எப்படி?

"முதலில் விட்டுவிடுகிறேன், பிறகு கூட்டத்துக்கு வருகிறேன்" என்று நாளைத் தள்ளாதீர்கள். குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கேட்கும் தகுதி ஒன்றுதான்: குடியை நிறுத்தும் விருப்பம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இதைத் தொடங்கிய இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர்.

முதல் வேலை, மருத்துவரைப் பார்ப்பது. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வைராக்கியத்தால் சமாளிக்கும் விஷயமல்ல இது. கூட்டம் சிகிச்சைக்கு மாற்றும் அல்ல.

அடுத்து, இடம் தேடுங்கள். சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையத்தில் கேட்டாலே பக்கத்தில் நடக்கும் கூட்டத்தைச் சொல்வார்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும்.

பத்து நிமிடம் முன்னதாகப் போய், புதியவர் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஊர், வேலை, சாதி எதையும் சொல்ல வேண்டாம். பெயர்கூட நீங்கள் சொல்வதுதான். ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைச் சொல்வார்கள். சம்பளக் கவரோடு கடைக்குள் நுழைந்ததை, மகளின் கம்மலை அடகு வைத்ததை ஒருவர் சொல்லும்போது யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. மற்றவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களும் அதே வழியில் வந்தவர்கள். கூட்டத்தின் உயிரே இதுதான் என்பேன். உங்கள் முறை வந்தால் "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும். கட்டணம் கிடையாது. காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். பழைய உறுப்பினர் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். முதல் கிளாஸைத் தொடுவதற்கு முன்பே அழைக்க வேண்டிய எண் அது. வீடு திரும்பும்போது டாஸ்மாக் இல்லாத தெருவாகப் பார்த்துப் போங்கள். இடையில் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு. கணவர் வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம்.