ராபன் கட்: ரைட் விங்கில் நிற்கும் இடதுகால்காரனுக்கு

கால்பந்தில் இடதுகாலால் ஆடும் பையன் ஒருவன் கிடைத்தால் பல கோச்சுகள் யோசிக்காமல் லெஃப்ட் விங்கில், அதாவது தாக்குதலின் இடது ஓரத்தில், நிறுத்திவிடுவார்கள். நான் ரைட் விங்கில் நிறுத்துவேன். நிறுத்திவிட்டு ஆர்யென் ராபன் ஆடிய வீடியோக்களை உட்கார வைத்துக் காட்டுவேன். பார்த்து முடித்ததும் எல்லாப் பையன்களும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "கோச், அவரு எப்பவும் உள்ளதானே வெட்டுறாரு? தெரிஞ்சும் ஏன் புடிக்க முடியல?"

உள்ளே வெட்டுவார், அதாவது ஓரத்திலிருந்து சட்டென்று மைதானத்தின் நடுப்பக்கம் திரும்புவார் என்று தெரியும். எந்த நொடியில் என்றுதான் தெரியாது. நாம் பழக வேண்டியது அந்த நொடியைத்தான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் பக்கத்தில் பேடும் என்ற ஊர்க்காரர், 1984ல் பிறந்தவர். க்ரோனிங்கன், பிஎஸ்வி, செல்சி, ரியல் மாட்ரிட் என்று கிளப்புகளைச் சுற்றிவிட்டு 2009ல் ஜெர்மனியின் பயர்ன் மூனிக் வந்தார். கோச் லூயி வான் கால் அங்கே இடப்பக்கம் ரிபெரி, வலப்பக்கம் ராபன் என்று வைத்தார். மூனிக்கில் 309 ஆட்டம், 144 கோல். நாட்டுக்காக 96 ஆட்டம், 37 கோல். விங்கருக்கு இது கொஞ்சநஞ்சக் கணக்கில்லை.

முதலில் டச், அதாவது பந்தைத் தொடும் விதம். ராபன் சின்ன வயதில் வீல் கூர்வர் முறையில் பழகியவர். பந்தும் காலுமாகவே நாள்கணக்கில் உழைக்க வைக்கிற பயிற்சி அது. ஓட்டத்தில் அவர் பந்தை இடதுகாலின் வெளிப்பக்கத்தால், சுண்டுவிரல் ஓரத்தால் தட்டிக்கொண்டே போவார். ஏறக்குறைய ஒவ்வொரு இடதுகால் எட்டுக்கும் ஒரு தட்டு. பந்து காலை விட்டு ஓரடிக்கு மேல் விலகாது. பையனை மைதானத்தின் பாதி நீளம் இப்படி மெதுவாக ஓடவிடுங்கள். வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலதுகாலால் பந்தைத் தொட்டால் திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; முனகுவான், விடாதீர்கள்.

அடுத்தது எதிராளி. இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கோனை (தரையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பை) வைத்துப் பழகினால் கோனைத் தாண்டத்தான் வரும். கோனுக்கு இடுப்பும் காலும் கிடையாது. ஒரு பையனை லெஃப்ட் பேக்காக, அதாவது எதிரணியின் இடப்பக்கத் தடுப்பாளனாக, நிறுத்துங்கள். ஆரம்பத்தில் பந்தைப் பறிக்கக் கூடாது, கூடவே நகர்ந்தால் போதும். விங்கர் அவனை விட்டு விலகி ஓடக் கூடாது, நேரே அவனை நோக்கிப் போக வேண்டும். கிட்டே வந்ததும் வலது தோளைத் தாழ்த்தி, டச்லைன் (மைதானத்தின் பக்கக் கோடு) பக்கம் போவதுபோல் ஓர் அசைவு. லெஃப்ட் பேக் அந்தப் பக்கம் சாய்வான், உடல் எடை அவனது இடதுகாலில் விழும். அந்தக் காலை மறுபடி தரையிலிருந்து எடுத்தால்தான் அவனால் திரும்ப முடியும். அதற்குள் இடதுகால் வெளிப்பக்கத்தால் பந்தைக் குறுக்கே தள்ளிவிட வேண்டும். "பந்தைப் பாக்காத, அவன் காலைப் பாரு" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். சாயாவிட்டால் வெட்டாதே, இன்னும் ஒரு தட்டுப் பொறு.

வெட்டியதும் கோலை நோக்கிப் பாயக் கூடாது. அங்கே நடுத் தடுப்பாளனான சென்டர் பேக் காத்திருப்பான். பாக்ஸின் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்தின்) விளிம்போடு குறுக்காக இரண்டு மூன்று தட்டு. இடைவெளி முழுதாகத் திறக்கும் வரை நின்றால் யாராவது காலை நீட்டிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் முன்னாடியே அடிக்க வேண்டும். நடுவில் நிற்கும் டிஃபெண்டர்தான் கோல்கீப்பருக்குத் திரை. வலதுகாலைப் பந்தின் பக்கத்தில் ஊன்றி, இடதுகாலின் உள்பக்க முன்பகுதியால் தூர போஸ்ட்டுக்கு வளைத்து அடி. 2010 மார்ச்சில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஃப்ளோரன்ஸில் அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். மொத்தக் கோல் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்தவர்கள் முன்னேறும் அன்றைய அவே கோல் விதியில், பயர்னைச் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதிக்குக் கொண்டுபோன அடி. அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகவும் வலப்பக்கத்திலிருந்து வெட்டி வந்தார், ஆனால் தாழ்வாகக் கிட்ட போஸ்ட்டில் போட்டார். கீப்பர் தூரப் பக்கம் நினைக்கும்போது இது எடுபடும். இரண்டையும் பழக்குங்கள்.

ஒருவன் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பயர்னின் ரைட் பேக் ஃபிலிப் லாம் பின்னாலிருந்து ராபனுக்கு வெளிப்பக்கமாக அவரைத் தாண்டி ஓவர்லாப் ஓடுவார். லெஃப்ட் பேக் அவரைப் பார்ப்பானா, ராபனைப் பார்ப்பானா? உங்கள் ரைட் பேக்குக்கும் சொல்லிவையுங்கள்: பந்து வராவிட்டாலும் ஓடு. பந்து கிடைக்காமல் ஓட எந்தப் பையனுக்கும் பிடிக்காது, அதனால் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். அவ்வப்போது விங்கரும் நிஜமாகவே வெளியே போய் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்து அனுப்புவது) போட வேண்டும். பயம் இருந்தால்தான் லெஃப்ட் பேக் சாய்வான்.

வெட்டு மட்டுமே பிழைப்பு ஆகிவிடக் கூடாது என்பதற்கு 2013ல் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைக் காட்டுவேன். டார்ட்மண்டுக்கு எதிராகப் பயர்னின் மாண்ட்சுகிச் அடித்த முதல் கோலுக்கு ராபன் பந்து கொடுத்தது இடப்பக்கத்திலிருந்து. 89வது நிமிடத்தில் அவரே அடித்தது நடுவழியாக ஓடி வந்து. ரிபெரி குதிகாலால் விட்ட பந்து, டார்ட்மண்ட் கீப்பர் வைடன்ஃபெல்லர் ஒரு பக்கம் சாய மறுபக்கம் மெல்ல உருண்டு போனது. அதற்கு முந்தைய ஆண்டு இதே கோப்பையின் இறுதியில், கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியை செல்சி கீப்பர் செக் பிடித்திருந்தார்.

கீழே விழுவதை மட்டும் அவரிடம் கற்க வேண்டாம். 2014 உலகக் கோப்பையின் மெக்சிகோ ஆட்டத்தில் முதல் பாதியில் வேண்டுமென்றே விழுந்ததை அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கடைசியாகத் தொடை. முழு வேகத்தில் வந்து சடாரென்று வேகத்தைக் குறைத்துத் திரும்பும் ஆட்டம் தொடையின் பின்தசையைப் பதம் பார்க்கும். ராபன் காயத்தால் வெளியே உட்கார்ந்த காலம் கொஞ்சமல்ல. 2019ல் ஓய்வு பெற்று, 2020ல் தாய்க் கிளப்பான க்ரோனிங்கனுக்காக மறுபடி இறங்கியபோதும் காயம் விடவில்லை. அடுத்த ஆண்டு நிரந்தரமாக நிறுத்திக்கொண்டார். எனவே மெதுவோட்டம், தசைப் பயிற்சி முடித்து வியர்த்த பிறகே வெட்டுப் பயிற்சி. அடுத்தடுத்த நாள் வேண்டாம், நடுவில் ஒரு நாள் விடுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கிறது என்று பையன் சொன்னால் அன்றைக்கு அத்தோடு சரி.

வலதுகால் பையன் என்றால் எல்லாவற்றையும் அப்படியே திருப்பி, லெஃப்ட் விங்கில் வையுங்கள்.